கணவாயைத் தாண்டியவர்கள் மூன்று பேர்

இதை நம்பச் சொல்லி யாரிடமும் நான் கெஞ்சப் போவதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அவ்வளவுதான். காரை ஓட்டியது என் கணவன் நிபால்தோ. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். பின் இருக்கையில்... அங்கே யார் இருந்தார்கள் என்பதில்தான் எங்களுக்குள் இன்றுவரை பேச்சு ஒத்துப்போகவில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது இருட்டில் நடக்கவில்லை. கண் கூசும் வெயிலில் நடந்தது. ஒரு மரம்கூட இல்லாத மலையில், வானம் கருநீலமாக இருந்த ஒரு பிற்பகலில். பேய் வருவதற்கு இரவு வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள்தான் நானும்.

அந்தப் பயணம் என் மாமனார் போட்ட திட்டம். அவர் பெயர் ஹுவெனால்.

சிலி நாட்டில், எல்கி பள்ளத்தாக்கு குறுகிப்போய் மலைக்குள் நுழைகிற இடத்தில் எங்கள் ஊர். வாசலில் நின்றால் எதிரே மலைச்சுவர். அதற்கு அந்தப் பக்கம் அர்ஜென்டினா. எழுபத்தோரு வருடம் மாமனார் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே திராட்சை வளர்த்தார். ஒரு தடவைகூட அதைத் தாண்டியதில்லை. போன குளிர்காலத்தில் திடீரென்று ஆசை வந்துவிட்டது. சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து, சுருளாமல் இருக்க நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் வைத்து, பென்சிலால் வட்டம் போட ஆரம்பித்தார்.

போகும்போது எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் மண்டியிட்டோர் கணவாய். அந்தப் பக்கம் இறங்கினால் ஏரி. அங்கே இரண்டு இரவு. பிறகு தெற்கே போய், பெரிய சுரங்கப்பாதை வழியாகத் திரும்பவும் சிலிக்குள் நுழைந்து, கடலோரமாகவே வீடு வந்து சேர வேண்டும். போன வழியில் திரும்பி வரக் கூடாது. அதில் அவர் கறாராக இருந்தார்.

"பார்த்ததையே பார்க்கவா பெட்ரோல் போடுறோம்?" என்பார்.

யார் எங்கே உட்கார வேண்டும் என்பதுவரை முடிவு செய்துவிட்டார். எங்கள் நாட்டுக் கார்களில் ஸ்டியரிங் இடது பக்கம். ஓட்டுகிற நிபால்தோவுக்குப் பின்னால் அவர். எனக்குப் பின்னால் என் மாமியார் எடெல்மிரா.

"அப்போ நான் உங்க வலது பக்கம். செவிட்டுக் காதுப் பக்கம்!" என்று மாமியார் கத்தினாள்.

"தெரிஞ்சுதான் போட்டேன். வழி முழுக்க நிம்மதியா வரலாம்."

மாமனாருக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது. வலது கையில் இரண்டு விரல்களும் கிடையாது. சின்ன வயதில் திராட்சை பிழியும் இயந்திரத்தில் போனவை. நாற்பத்தாறு வருடம் அவரோடு பேசிப் பேசியே மாமியாரின் குரல் அப்படி ஆகிவிட்டது. "உப்பு எடு" என்று அவள் சொன்னால் தெருமுனையில் நாய் குரைக்கும்.

ஆகஸ்டில், திட்டத்தில் கடைசி வட்டத்தைப் போட்டுவிட்டு, மாமனார் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

அதோடு மாமியாரின் குரலும் போனது. சாப்பாட்டை அளைந்துகொண்டே இருப்பாள். ஒரு வாய் இறங்காது. எலுமிச்சம்பழங்கள் காய்ந்து கல்லான பிறகும் அந்த வரைபடத்தைச் சுருட்ட விடவில்லை. நவம்பர் முடிவதற்குள் அவள் மணிக்கட்டில் என் இரண்டு விரல்கள் சுற்றி வந்துவிடும் என்கிற அளவுக்கு இளைத்துவிட்டாள். டாக்டர் மருந்து எதுவும் எழுதவில்லை. "ஏதாவது ஒண்ணுல அவங்களுக்குப் பிடிப்பு வரணும்" என்று மட்டும் சொன்னார்.

டிசம்பரில், எங்கள் பக்கத்துக் கோடையில் பனி உருகியதும், கணவாயைத் திறந்தார்கள். அன்று இரவு மாமியாரே வாயைத் திறந்தாள்.

"எப்போ கிளம்புறோம்?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளை மீட்டுக் கொண்டுவர இதைவிட வேறு வழி இல்லை என்று நானும் நிபால்தோவும் முடிவு செய்தோம். என் அக்கா மகனிடம் புதுக் காரை இரவல் வாங்கினோம். ரொட்டி, கறி வைத்து மடித்துச் சுட்ட எம்பனாடா, உயரத்தில் தலை சுற்றாமல் இருக்கக் குடிக்கும் மூலிகைத் தேநீர் ஒரு பிளாஸ்க். மாமியார் தானே வந்து பின் இருக்கையில் இடது பக்கம் மாமனார் தலைவழியாக மாட்டிக்கொள்ளும் கம்பளி மேலாடையான போன்ச்சோவை விரித்து, அதன் மேல் அவர் தொப்பியை வைத்தாள்.

"அது அவர் இடம்," என்றாள்.

நிபால்தோ கதவைச் சாத்தினான்.

சிலி பக்கத்துச் சோதனைச் சாவடியை அடைந்தபோது மணி பன்னிரண்டு பத்து. அலுவலகத்துக்குள் எங்கள் மூன்று பேரின் அடையாள அட்டைகளையும் காட்டிவிட்டு வந்து காரில் ஏறினோம். கடைசியில் தடுப்புக் கம்பம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கம்பத்தைத் தூக்குபவர் காரில் இருக்கும் ஆட்களை எண்ணி, வயர்லெஸ்ஸில் அர்ஜென்டினா சாவடிக்குச் சொல்வார். இரண்டு சாவடிக்கும் நடுவே நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். வீடு கிடையாது, கடை கிடையாது, போன் கிடையாது. இங்கே சொன்ன எண்ணிக்கை அங்கே வந்து சேரவில்லை என்றால் வண்டி எடுத்துக்கொண்டு தேடிக் கிளம்புவார்கள்.

கம்பத்துக்காரர் ஜன்னலில் குனிந்தார். "எத்தனை பேர்?"

நிபால்தோ வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. பழைய குரல். காது அடைக்கும் குரல்.

"நாலு பேர்!"

கம்பத்துக்காரர் பின்னால் பார்த்தார். போன்ச்சோ. தொப்பி. அதன் மேல் நான் போட்டிருந்த போர்வைகள். யாரோ பெரியவர் சாய்ந்து தூங்குகிறார் என்று நினைத்திருக்க வேண்டும்.

நிபால்தோ என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். நாலு மாதத்துக்குப் பிறகு அவள் குரல் திரும்பியிருக்கிறது. அந்த நிமிடத்தில், அவள் காது கேட்க, "இல்லை சார், அப்பா செத்துட்டார்" என்று சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை.

"வெள்ளைக் கார். நாலு பேர்," என்று வயர்லெஸ்ஸில் சொன்னார். கரகரவென்று பதில் வந்தது. "நாலு. சரி."

கம்பம் உயர்ந்தது.

சிலியை விட்டு வெளியே வந்துவிட்டோம். அர்ஜென்டினாவுக்குள் இன்னும் நுழையவில்லை.

முதல் ஒரு மணி நேரம் சந்தோஷமாகத்தான் போனது. மாமியார் ஒரு முழு எம்பனாடாவைத் தின்றாள். நிபால்தோ கண்ணாடியில் பார்த்து எனக்குக் கண் காட்டினான். மலைகள் சிவப்பாக, பச்சையாக, கந்தக மஞ்சளாக மாறிக்கொண்டே வந்தன. தார்ச்சாலை முடிந்து மண் சாலை ஆரம்பித்தது. எதிரே ஒரு வண்டி இல்லை. பின்னால் ஒரு வண்டி இல்லை.

வழியில் ஓர் அணைக்கட்டு. அதைத் தாண்டி மூன்றாவது வளைவில்தான் அந்தச் சத்தம்.

டிங்... டிங்... டிங்...

"என்னது?" என்றேன்.

"பெல்ட் போடலைன்னு கத்துது. அம்மா, பெல்ட் போடுங்க."

"போட்டிருக்கேன்டா! கண்ணு தெரியலையா உனக்கு?"

நான் திரும்பிப் பார்த்தேன். போட்டிருந்தாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் சின்னப் படம் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. நாலு இருக்கைகளின் படம். அதில் பின்பக்கம் இடது இருக்கை சிவப்பாக மின்னியது.

ஆள் உட்கார்ந்தால்தான் அது எரியும்.

"போர்வை கனமா இருக்கும்," என்றான் நிபால்தோ. காரை நிறுத்தி, இறங்கிப் போய், போன்ச்சோவைச் சுற்றி பெல்ட்டை மாட்டினான். சத்தம் நின்றது.

திரும்பி வந்து உட்கார்ந்தவன் உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டான்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. பெல்ட் பத்தல. ரொம்ப இழுக்க வேண்டியிருந்துச்சு."

நான்காயிரம் மீட்டருக்கு மேலே போனதும் என் காது அடைத்துக்கொண்டது. தலை லேசாக வலித்தது. தேநீரை ஊற்றிப் பின்னால் நீட்டினேன். மாமியார் வாங்கினாள். கொஞ்ச நேரம் கழித்துக் காலிக் கோப்பை என் தோளைத் தொட்டது.

வாங்கிக்கொண்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. மாமியார் எனக்கு நேர் பின்னால் இருக்கிறாள். கோப்பை வந்தது இடது பக்கத்திலிருந்து.

நான் திரும்பவில்லை. உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவு. மூளை தாறுமாறாக யோசிக்கும். ஊரில் எல்லோரும் சொல்வதுதான்.

நிபால்தோவுக்குப் பின்னால் இருந்த ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. உள்பக்கமாக. தட்டு அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம். அது சின்னதானது... பெரிதானது... சின்னதானது.

மூச்சு விடுவதுபோல.

மாமியார் பேசிக்கொண்டிருந்தாள். வெகுநேரமாகவே பேசிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஏனென்றால் அவள் கத்தவில்லை. கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தாள். இடையிடையே சிரித்தாள். கல்யாணமான புதிதில் பெண்கள் சிரிப்பார்களே, அப்படி.

"அத்தை, யார்கிட்ட பேசுறீங்க?"

"அவர்கிட்டதான். வேற யாருகிட்ட?" சந்தோஷத்தில் அவள் குரல் நடுங்கியது. "யாஸ்னா, ஒரு அதிசயம் தெரியுமா? இந்தப் பக்கக் காது அவருக்கு நல்லா கேக்குது. மெதுவாப் பேசினாலே கேக்குது."

நிபால்தோவின் கைகள் ஸ்டியரிங்கை இறுக்கின.

"அம்மா. கொஞ்ச நேரம் தூங்குங்க."

"நீ ரோட்டைப் பாருடா."

மீண்டும் கிசுகிசுப்பு. பிறகு அமைதி. பிறகு...

"கடவுள் கருணையே கருணை," என்றாள் மாமியார். "கையைக் குடுங்கன்னேன். குடுத்தார். எண்ணிப் பார்த்தேன் யாஸ்னா. அஞ்சு விரலும் இருக்கு."



செத்துப்போனவர்களுக்குக் கடவுள் உடம்பைச் சரிசெய்து கொடுத்துவிடுகிறார் என்று அவள் நினைத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் வேறு ஒன்றை நினைத்தேன்.

இரண்டு காதும் கேட்கிறது. ஐந்து விரலும் இருக்கிறது.

அப்படியானால் அது மாமனார் இல்லை.

உச்சியை அடைந்தபோது மணி இரண்டே முக்கால். இரண்டு நாட்டுப் பெயரும் எழுதிய பலகை காற்றில் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் அவர்கள் நின்றார்கள். மண்டியிட்டோர். பனிதான். வெயிலும் காற்றும் செதுக்கிய பனி. ஆள் உயரத்துக்கு, தலையில் முக்காடு போட்டுக் குனிந்து நிற்பவர்கள்போல ஆயிரக்கணக்கில் இருக்கும். எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருக்கும்.

"நிறுத்து," என்றாள் மாமியார். "இங்க நிறுத்தணும்னு அப்பா திட்டத்துல இருக்கு."

"அத்தை, வேண்டாம். குளிருது. கீழே போயிடலாம்."

"அவர் இறங்கணும்னு சொல்றார்."

கதவு திறந்தது. காற்று உள்ளே அறைந்தது. மாமியார் இறங்கிப் போனாள். சாம்பல் நிற ஸ்வெட்டர். அதற்கு மேல் தலையைச் சுற்றிக் கறுப்புச் சால்வை. இடது கையை மட்டும் உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தபடி நடந்தாள். யாரோ கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதுபோல.

பனிச் சிலைகளுக்கு நடுவே நுழைந்தாள்.

"நிபால்தோ, அவங்களைக் கூப்பிடு."

"ரெண்டு நிமிஷம் இருக்கட்டும். அழுதுட்டு வருவாங்க."

"அது உங்க அப்பா இல்ல."

அவன் என்னை முறைத்தான். "யாஸ்னா, நீயுமா? அங்க யாருமே இல்ல. காத்து கம்மி. தலை சுத்துது. எனக்கும்தான் சுத்துது."

நான் இறங்கப் போனேன். கால் தரையில் பட்டதும் மலை ஒரு சுற்றுச் சுற்றியது. கண்ணில் கறுப்புப் புள்ளிகள். கதவைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தேன். உள்ளே வந்த காற்றில் ஒன்றும் இல்லை.

டப்.

பின் கதவு மூடியது.

"வந்தாச்சா அம்மா?" என்றான் நிபால்தோ.

"ம்."

நான் மெதுவாகத் தலையைத் திருப்பினேன். எனக்குப் பின்னால், தோள்வரை போர்த்திக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு ஓர் உருவம். வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நினைத்துக்கொள்ள விரும்பினேன்.

இறக்கம் ஆரம்பித்தது. பின்னால் பேச்சு இல்லை. சிரிப்பு இல்லை. கிசுகிசுப்பு இல்லை.

ஜன்னலில் வெள்ளை வட்டமும் இல்லை.

நான் பெருமூச்சு விட்டேன். அது எதுவாக இருந்தாலும் சரி... மேலேயே இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

அர்ஜென்டினா சாவடி. மாலை ஐந்தேகால். தடித்த மீசையோடு ஒரு காவலர் மாத்தே என்கிற மூலிகைத் தேநீரைக் குழலால் உறிஞ்சிக்கொண்டே வந்தார்.

"வெள்ளைக் கார்! உங்களைத்தான் எதிர்பார்த்துட்டு இருந்தேன். நாலு பேர்தானே?"

"மூணு," என்றான் நிபால்தோ.

"அந்தப் பக்கத்துலேர்ந்து நாலுன்னு சொன்னாங்களே."

நிபால்தோ காரிலிருந்து இறங்கி அவரைத் தள்ளி அழைத்துப் போனான். தாழ்ந்த குரலில் பேசினான். இருந்தாலும் எனக்குக் கேட்டது. "அப்பா ஆகஸ்டுல தவறிட்டார் சார். அம்மா அவரையும் சேர்த்துச் சொல்லிட்டாங்க. கிளம்பும்போதே நாங்க மூணு பேர்தான்."

காவலர் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டார். "அடப் பாவமே. அப்படியா விஷயம். எதுக்கும் ஒரு தடவை எண்ணிடறேன். ஒரு ஆளை மேல விட்டுட்டு வந்துட்டீங்கன்னா நான்தான் ராத்திரி முழுக்க டார்ச் அடிச்சுத் தேடணும்."

சிரித்துக்கொண்டே வந்து குனிந்தார். விரலை நீட்டினார்.

அவனைக் காட்டி, "ஒண்ணு."

என்னைக் காட்டி, "ரெண்டு."

பின் இருக்கையைக் காட்டி, "மூணு. சரியாப் போச்சு. போயிட்டு வாங்க."

அந்த விரல்...

அந்த விரல் எனக்குப் பின்னால் நீளவில்லை. இடது பக்கம் நீண்டது.

நான் திரும்பினேன்.

எனக்கு நேர் பின்னால் இருந்தது போன்ச்சோ. மேலே தொப்பி. சுற்றிலும் போர்வை. வழி முழுக்கத் தூங்குகிறாள் என்று நான் நினைத்த உருவம் அதுதான்.

இடது இருக்கையில், பெல்ட் மாட்டி, முதுகை நிமிர்த்தி, மாமியார் உட்கார்ந்திருந்தாள்.

"எப்போ இடம் மாறினீங்க அத்தை?"

என்னைப் பார்த்தாள். புன்னகைத்தாள்.

"நான் மாறலையேம்மா," என்றாள். "நான் இங்கதானே உக்காந்து வந்தேன்."

ரொம்ப மென்மையான குரல். பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரல்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்றால்... ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

மாமியார் தேறிவிட்டாள். ஏரிக்கரையில் அன்று இரவே இரண்டு தட்டு ஆட்டுக்கறி சாப்பிட்டாள். தெற்கே போனோம். சுரங்கப்பாதை வழியாகச் சிலிக்குள் வந்தோம். கடலோரமாக வீடு சேர்ந்தோம். மாமனார் போட்ட திட்டம் ஒரு வளைவுகூட மாறாமல் நிறைவேறியது. வீட்டுக்கு வந்ததும் மாமியார் முதல் வேலையாக மேசைமேல் இருந்த வரைபடத்தைச் சுருட்டி அடுப்பில் போட்டாள். மாமனார் பேரை அதற்குப் பிறகு ஒருநாளும் எடுத்ததில்லை. நன்றாகத் தூங்குகிறாள். கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. வேலை செய்யும்போது ஏதோ ஒரு பாட்டை முணுமுணுக்கிறாள். அது எந்தப் பாட்டு என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

கத்துவதே இல்லை.

"துக்கம் ஆறிடுச்சு. அதுக்குத்தானே போனோம்? அம்மா நமக்குத் திரும்பக் கிடைச்சுட்டாங்க," என்கிறான் நிபால்தோ. டாக்டரும் அதையேதான் சொன்னார். நானும் பல நாள் எனக்கே அதைச் சொல்லிப் பார்த்தேன்.

ஏப்ரல் கடைசி வாரத்தில் என் ரொட்டிக் கடைக்கு ஒரு ஜோடி வந்தது. மோட்டார் சைக்கிளில் அர்ஜென்டினாவிலிருந்து கணவாய் வழியாக இறங்கி வந்தவர்கள். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. காப்பி போட்டுக் கொடுத்தேன்.

"அக்கா, மேல ஒரு பாட்டி இருக்காங்களே, அவங்க யாரு?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"எங்கே?"

"உச்சியில. அந்தப் பனிச் சிலைங்க நடுவுல. முதல்ல அதுவும் சிலைதான்னு நினைச்சோம். கையை ஆட்டுச்சு."

அவள் காதலன் சிரித்தான். "ஆட்டுச்சா? கத்துச்சுன்னு சொல்லு. பக்கத்துல நிக்கிறோம், அப்பவும் அப்படிக் கத்துது. என் காதே போச்சு. செவிடு போல."

என் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தேன்.

"என்ன சொன்னாங்க?"

"கீழ கூட்டிட்டுப் போறோம், பின்னால ஏறிக்கோங்கன்னோம். மாட்டேன்னுட்டாங்க," என்றாள் அந்தப் பெண். "மகன் வருவான், காரை எடுத்துட்டு வருவான், நான் நகர்ந்துட்டா தேடுவான்னாங்க. பாவம், ஒரே ஒரு ஸ்வெட்டர்தான் போட்டிருந்தாங்க. கீழ சாவடியில சொன்னோம். அவங்க சிரிக்கிறாங்க. இந்த சீசன் முழுக்க மேல போன எல்லாரும் எண்ணிக்கை தப்பாம இறங்கிட்டாங்களாம். அங்க ஆள் இருக்க வாய்ப்பே இல்லையாம்."

"ஸ்வெட்டர் என்ன நிறம்?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சாம்பல்," என்றான் அவன்.

மறுநாள் காலை, மாவு வாங்கக் கடலோரத்து லா செரேனா நகரத்துக்குப் போகிறேன் என்று நிபால்தோவிடம் சொல்லிவிட்டு, எதிர்த் திசையில் மலைக்கு ஓட்டினேன். பிளாஸ்க்கில் தேநீர். இரண்டு போர்வை. என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

சாவடியில் கம்பம் இறங்கியிருந்தது. அதில் சங்கிலி சுற்றிப் பூட்டியிருந்தார்கள்.

"ராத்திரி ரெண்டு மீட்டர் விழுந்திருக்கு," என்றார் கம்பத்துக்காரர். "இந்த வருஷம் சீக்கிரமே மூடியாச்சு. இனி நவம்பர் கடைசியிலதான். மேல ஏதாவது வேலையாம்மா?"

"இல்ல," என்றேன்.

மலைச்சுவரைப் பார்த்தேன். உச்சி தெரியவில்லை. அங்கே வெள்ளையைத் தவிர ஒன்றுமே இல்லை.

வழியில் நிறுத்தி அழுதேன். முகத்தைக் கழுவினேன். டயரில் ஒட்டியிருந்த மண்ணைக்கூடக் குச்சியால் சுரண்டிவிட்டேன். லா செரேனாவில் வாங்கியதுபோல, பக்கத்து ஊர்க் கடையில் ஒரு மூட்டை மாவு வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்தேன்.

மாமியார் மேசையில் சூப் பரிமாறிக்கொண்டிருந்தாள். நிபால்தோ இன்னும் தோட்டத்திலிருந்து வரவில்லை. நாங்கள் இருவர் மட்டும்தான்.

என் கிண்ணத்தை நிரப்பினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்தப் பாட்டை நிறுத்தினாள். என் தலையை ஆசையாகத் தடவினாள்.

"பாவம்," என்றாள், அந்த மெல்லிய குரலில். "இந்தப் பனியை அவ தாங்கமாட்டா."